தோட்டப் பாடசாலைக் கண்காட்சிக்கு ரெஜிபோம் உருண்டைகள் மட்டும் போதாது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஒக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம். 1957 இல் ஸ்புட்னிக் மேலே போன நாளில் தொடங்கி, 1967 இல் விண்வெளி உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த நாளில் முடியும்படி அந்த வாரத்தை வகுத்திருக்கிறார்கள். அதையொட்டி மலையகப் பாடசாலைகளில் விஞ்ஞானக் கண்காட்சிகள் நடக்கும். விண்வெளி மேசையில் என்ன இருக்கும் என்பதைப் போய்ப் பார்க்காமலே சொல்லிவிடலாம். ரெஜிபோம் (தெர்மோகோல்) உருண்டைகளுக்கு நிறம் பூசிக் கம்பியில் கோத்த ஞாயிற்றுத் தொகுதி, பிரிஸ்டல் போட்டில் ஒட்டிய பெயர்கள், 'தொடாதீர்கள்' என்று ஒரு தாள், பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு மனப்பாடம் ஒப்புவிக்கும் ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளை இரண்டு மூன்று இரவு கண்விழித்துத்தான் அதைச் செய்திருக்கும். உழைப்பில் குறையே இல்லை. ஆனால் அந்த மேசைக்கு வருகிறவர் தன் கையால் செய்து பார்க்க அங்கே ஒன்றுமில்லை. அத்தோடு உருண்டைகளின் பருமனும் இடைவெளியும் முழுப் பொய். பார்த்துவிட்டுப் போகிற எந்தப் பிள்ளையும் பூமியும் வியாழனும் பக்கத்து வீடுகள் என்றுதான் நினைக்கும்.

இந்த ஒக்டோபரிலாவது இதை மாற்றலாம் என்பதற்காகவே இக்கடிதம். பணம் பெரிதாக வேண்டாம். கடுகு, கோதுமை மா, தேயிலைத் தூள், ஒரு பீ.வீ.சி. பைப் துண்டு, ஒரு தூக்குக்குண்டு இருந்தால் போதும். அளவுகளைச் சரியாகத் தெரிந்துகொள்வதும், எங்கே பிழைக்கும் என்று முன்கூட்டியே அறிந்திருப்பதும்தான் முக்கியம்.

அதற்கு முன் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிராங்க் ஒப்பன்ஹைமரை அணுகுண்டுத் திட்டத்தை நடத்திய ரொபர்ட்டின் தம்பி என்றே பலர் அறிவார்கள். அவர் அண்டக் கதிர் ஆராய்ச்சியாளர். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பெரிய பலூன்களில் கருவிகளை வளிமண்டலத்தின் உச்சிக்கு அனுப்பி, விண்வெளியிலிருந்து வரும் கதிர்களில் ஐதரசனின் கருவோடு பாரமான மூலகங்களின் கருக்களும் இருக்கின்றன என்று 1948 இல் கண்டறிந்த குழுவில் ஒருவர். செய்மதி என்ற ஒன்றே இல்லாத அந்நாளில் விண்வெளி விஞ்ஞானம் இப்படித்தான் நடந்தது. 1949 இல் அரசியல் காரணங்களால் அவருடைய பல்கலைக்கழகப் பதவி பறிபோனது. கொலராடோ மலைகளில் மாடு வளர்த்துப் பிழைத்தார். 1957 இல் பகோசா ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூர்ப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கத் தொடங்கினார். அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே இருக்கிறது, 1,868 மீற்றர் உயரமுள்ள நமது நுவரெலியாவைவிட உயரம். நல்ல ஆய்வுகூடம் அங்கே இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர்க் குப்பை மேட்டுக்குப் போனார். கழித்துப் போட்ட இயந்திரப் பாகங்களை வைத்து விசையையும் வெப்பத்தையும் மின்சாரத்தையும் படிப்பித்தார்.

1969 இல் சான் பிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரட்டோரியம் என்ற அருங்காட்சியகத்தை அவர் தொடங்கியபோது, அந்த மலைப் பாடசாலையின் பழக்கங்கள் கூடவே வந்தன. வருகிறவர் கையால் இயக்காத எதையும் அவர் பெரிதாக மதிக்கவில்லை. காட்சிப்பொருள்களைச் செய்யும் வேலைத்தளத்தைப் பார்வையாளர் கண்முன்னாலேயே வைத்தார். உயர்தரப் பாடசாலை மாணவர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி விளக்குநர்களாக்கினார். எல்லாவற்றிலும் பெரிய காரியம் இன்னொன்று: தங்கள் காட்சிப்பொருள்கள் இருநூறுக்கு மேற்பட்டவற்றின் செய்முறையை, சமையல் குறிப்பு எழுதுவது போல, உலகத்தில் எவரும் பார்த்துச் செய்யும்படி அந்த நிறுவனம் அச்சிட்டு வெளியிட்டது. 1985 இல் இறக்கும்வரை அவர் அங்கேயே இருந்தார்.

நமக்கு வேண்டியதும் அப்படிப்பட்ட குறிப்புகள்தான். நமது சரிவுக்கும், ஈரத்துக்கும், வானத்துக்கும் ஏற்றபடி அவை இருக்க வேண்டும். சிலவற்றை இங்கே தருகிறோம்.

முதலாவது, அந்த ரெஜிபோம் மேசைக்குப் பதிலாக வைக்கக்கூடியது. ஒரு மீற்றருக்கு ஒரு கோடி கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாஷிங்டனில் தேசிய விண்வெளி அருங்காட்சியகத்துக்கு வெளியே 2001 முதல் நிற்கும் ஞாயிற்றுத் தொகுதி மாதிரியும் இதே அளவில்தான் செய்யப்பட்டது. தமிழில் எண்ணுகிறவர்களுக்கு இதைவிட வசதியான அளவு கிடையாது. பூமிக்கும் சூரியனுக்கும் இடையில் 15 கோடி கிலோமீற்றர் என்றால் 15 மீற்றர். சூரியன் 14 சென்ரிமீற்றர் குறுக்களவு, அதாவது உரித்த பெரிய தேங்காய் ஒன்று. பூமி 1.3 மில்லிமீற்றர், ஒரு கடுகு. வெள்ளியும் கடுகுதான், 10.8 மீற்றரில். புதனுக்கும் செவ்வாய்க்கும் ரவை போதும், முறையே 5.8, 22.8 மீற்றரில். வியாழன் 14 மில்லிமீற்றர், ஒரு கண்ணாடிப் போளை. அதை 78 மீற்றர் தள்ளி வைக்க வேண்டும். சனிக்கு ஊற வைத்த கடலை, 143 மீற்றரில். யுரேனசுக்கும் நெப்டியூனுக்கும் ஆளுக்கொரு மிளகு, 287 மீற்றரிலும் 450 மீற்றரிலும்.

பாடசாலை மைதானம் வியாழனோடு முடிந்துவிடும். மற்ற மூன்றையும் தோட்டப் பாதை வழியே கொண்டுபோங்கள். நெப்டியூனைக் கோயில் வாசலிலோ கொழுந்து மடுவத்திலோ வைத்தால், கண்காட்சிக்கு வராதவர்களும் நின்று பார்ப்பார்கள். நமது பாதைகள் வளைந்து வளைந்து போவதால் பாதை நீளத்தையே அளவாக எடுக்க வேண்டியிருக்கும். நேர்கோட்டில் பார்த்தால் தூரம் குறையும் என்பதை அட்டையில் எழுதிவிட வேண்டும். நைலோன் கயிற்றால் அளந்தால் நனைந்ததும் நீளும், 450 மீற்றரில் பிழை பெரிதாகிவிடும். 26 அங்குலச் சைக்கிள் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.07 மீற்றர் உருளும். வால்வு இருக்கும் இடத்தில் ஒரு துணித் துண்டைக் கட்டி 217 சுற்று எண்ணினால் நெப்டியூன். கடுகையும் ரவையையும் பசை வைத்து ஒட்டினால் மழை ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். கறுப்பு அட்டையில் வைத்து மேலே அகலமான செலோ டேப்பை இழுத்து ஒட்டுங்கள்.

இந்த மாதிரியில் பிள்ளைகளை அசைய விடாமல் நிறுத்துகிற இடம் பூமி அட்டை. கடுகிலிருந்து 3.8 சென்ரிமீற்றர் தள்ளி, ஓர் உப்புத்தூள் பருமனில் சந்திரன். மனிதர் போய் இறங்கிய மிகத் தூரமான இடம் அதுதான். சர்வதேச விண்வெளி நிலையம் இருக்கும் 400 கிலோமீற்றர் உயரமோ இந்த அளவில் வெறும் 0.04 மில்லிமீற்றர். ஒளி இந்த அளவில் செக்கனுக்கு 3 சென்ரிமீற்றர்தான் நகரும், ஓர் எறும்பு போகிற வேகம். ஒரு பிள்ளையைத் தேங்காயிலிருந்து கடுகு வரை அந்த வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள், எட்டேகால் நிமிடம் பிடிக்கும். அதிலேயே பாதிப் பாடம் முடிந்துவிடும். அடுத்த சூரியனை எங்கே வைப்பது என்று கேட்பார்கள். மிகக் கிட்டிய நட்சத்திரமான புரொக்சிமா, இந்த அளவில் ஏறத்தாழ 4,000 கிலோமீற்றரில் வரும். இங்கிருந்து குவைத் அவ்வளவு தூரம். அம்மா அங்கே வேலைக்குப் போயிருக்கிற பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அந்தத் தூரத்தை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, சந்திரனில் குழிகள் எப்படி வந்தன என்பதைக் காட்டும் தட்டம். 40 சென்ரிமீற்றர் அகலமுள்ள ஆழமான பேசின் ஒன்றில் 5 சென்ரிமீற்றர் உயரத்துக்குக் கோதுமை மாவை நிரப்பித் தட்டிச் சமப்படுத்துங்கள். மேலே நிறம் வேறுபடுவதற்காக வெளிநாடுகளில் கொக்கோ தூவுவார்கள். நமக்குத் தேயிலை டஸ்ட் இருக்கிறது, அதைவிட நன்றாக எடுபடும். சல்லடையில் மெல்லிய படையாகத் தூவுங்கள். கண்ணாடிப் போளையை மேலிருந்து விட்டால் வெள்ளை மா கதிர்கதிராகக் கறுப்பின் மேல் தெறிக்கும். சந்திரனிலுள்ள டைக்கோ குழியைச் சுற்றி முழுநிலவு நாளில் தெரியும் வெள்ளைக் கீறல்களின் அச்சு அசல் அது.

இதில் பிழைப்பது பெரும்பாலும் மா. ஹட்டன், நுவரெலியா பக்கத்து மூடுபனியில் திறந்து வைத்த மா ஒரே இரவில் ஈரம் குடித்துவிடும். அப்போது போளை விழுந்த இடத்தில் செங்குத்துச் சுவரோடு ஒரு துளைதான் விழும், தெறிப்பு வராது. காலையில் அகன்ற சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்து, ஆறவிட்டு, இரண்டு தரம் சலித்து மூடி வையுங்கள். ஏழெட்டுத் தரம் போட்டதும் மாவும் தூளும் கலந்து சாம்பல் நிறமாகும். கிளறிச் சமப்படுத்தி மேலே புதிதாகத் தூவினால் போதும், மாவை மாற்ற வேண்டாம். முகத்தைப் பேசினுக்கு மேலே நீட்ட விடாதீர்கள்.

கேள்வியையும் சரியாகக் கேட்க வேண்டும். 'உயரத்தைக் கூட்டினால் குழி பெரிதாகுமா?' என்றால் எல்லாரும் ஆம் என்பார்கள், அதோடு முடிந்தது. 10 சென்ரிமீற்றரில் இருந்து ஒரு தரம், 160 சென்ரிமீற்றரில் இருந்து ஒரு தரம் விடச் சொல்லி, இரண்டு குழியின் அகலத்தையும் அடிமட்டத்தால் அளக்கச் சொல்லுங்கள். உயரம் பதினாறு மடங்கு. குழியோ ஏறத்தாழ இரண்டு மடங்குதான் அகலும். மோதுகிற சக்தியின் பெரும்பகுதி மாவைத் தூக்கி எறிவதிலும் நசுக்குவதிலும் செலவாகிறது, அகலமாகும்போது ஆழமும் சேர்ந்து கூடுகிறது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சரிவாக எறிந்தால் பேசினில் நீள்வட்டக் குழி வரும். சந்திரனிலோ ஏறக்குறைய எல்லாக் குழியும் வட்டம். செக்கனுக்குப் பத்து இருபது கிலோமீற்றர் வேகத்தில் வரும் கல், மோதிய இடத்தில் வெடிக்கிறது. வெடிப்புக்குத் திசை கிடையாது. நமது பேசின் இதைக் காட்ட மாட்டாது. ஒரு மாதிரி எதைக் காட்டாது என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுதி வைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் மரியாதை.

மூன்றாவது, பிறை. இருட்டறையில் ஒரு மின்குமிழ், குச்சியில் குத்திய வெள்ளைப் பந்து. (ரெஜிபோமுக்கு ஓர் உருப்படியான வேலை கொடுக்க வேண்டுமானால் இதுதான்.) பிள்ளையின் தலை பூமி, பந்து சந்திரன், குமிழ் சூரியன். கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு இடப்பக்கமாக மெதுவாகச் சுற்றச் சொன்னால் வளர்பிறை, பௌர்ணமி, தேய்பிறை எல்லாம் பந்தில் வரும். எல்லாப் பாடசாலையிலும் இதில் ஒரே பிழை நடக்கிறது: பந்தை முகத்துக்கு நேரே பிடிப்பார்கள், குமிழுக்கு முதுகு காட்டும்போது தலையின் நிழல் பந்தில் விழும். 'பூமியின் நிழல்தான் பிறை' என்று பிள்ளை மனதில் பதித்துக்கொள்ளும், பிறகு அதை அழிக்க முடியாது. பந்தைத் தலைக்குச் சற்று மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். சந்திரனின் பாதை 5 பாகை சாய்ந்திருப்பதால் உண்மையிலும் பெரும்பாலான போயா நாட்களில் அது பூமியின் நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ தப்பிப் போகிறது. மாதாமாதம் பௌர்ணமிக்குப் பாடசாலை விடுமுறை கிடைக்கிற நாட்டில், இந்த ஒரு காட்சியைச் சரியாகச் செய்யாமல் விடக்கூடாது.

பிறையைப் பற்றி இன்னொரு சொல். பாடப்படங்களில் பிறை நிமிர்ந்து நிற்கும். நமது வானத்தில் அது தோணி போலப் படுத்திருக்கும். நிமிர்ந்த பிறை குளிர்நாட்டு வானத்துப் பிறை. நாம் பூமத்தியரேகையிலிருந்து 7 பாகையில் இருக்கிறோம். வெளியூர்ப் படத்தைப் பார்த்து வரைந்த பிள்ளை அன்று மாலை வெளியே வந்து மேற்கே பார்த்தால், தான் வரைந்ததும் வானத்தில் இருப்பதும் ஒன்றாக இராது. துருவ நட்சத்திரமும் இப்படித்தான். நமக்கு அது வடக்கே 7 பாகை உயரத்தில்தான் இருக்கும், மலையகத்துப் பள்ளத்தாக்குகளில் எதிர்மலை அதை மறைத்துவிடும். துருவ நட்சத்திரத்தைக் கொண்டு திசை காணும் பாடத்தை இங்கே வைத்துப் பிள்ளைகளை ஏமாற்றக் கூடாது. மாசி மாதத்து மாலையில் தெற்கே நிற்கும் அகத்தியரைக் காட்டுங்கள். இரவு வானத்தில் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம் அது. கார்த்திகையையும் திருவாதிரையையும் பாட்டிமாருக்கே தெரியும், அட்டையில் அந்தப் பெயர்களையே எழுதலாம்.

நான்காவது, நிழல். 30 சென்ரிமீற்றர் நீளமான இரண்டங்குலப் பீ.வீ.சி. பைப் துண்டையும், ஒரு மீற்றர் உயரமான நேரான கம்பையும் நிறுத்துங்கள். ஒக்டோபர் முதல் வாரத்தில் ஹட்டன் பக்கத்தில் சூரியன் உச்சத்துக்கு வருவது காலை 11.55 அளவில். பன்னிரண்டு மணிக்கு என்று நினைத்துக் காத்திருந்தால் தவறிவிடும். அந்நேரம் ஒரு மீற்றர் கம்பின் நிழல் வடக்கே 20 சென்ரிமீற்றர் சொச்சம் விழும். பதினொரு மணியிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் நிழல் நுனியில் ஒரு சிறு ஆணியைக் குத்திக்கொண்டே வந்தால், மிகக் குட்டையான நிழல் காட்டுவது உண்மையான வடக்கு. கம்பு நிமிர்ந்திருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மலைச்சரிவில் கண் ஏமாற்றும். மரங்களும் லயமும் பாதையும் எல்லாம் சரிவோடு சாய்ந்திருக்கும். ஒரு பாகை சாய்ந்தால் ஒரு மீற்றர் கம்பின் நுனி 1.7 சென்ரிமீற்றர் விலகிவிடும். மேசன் வேலை செய்கிறவர்களிடம் தூக்குக்குண்டை இரவல் வாங்கி இரண்டு பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். நிழல் விழும் பலகையை நீர்மட்டம் வைத்துச் சமப்படுத்த வேண்டும்.

இதே கருவியைப் பத்திரமாக வைத்திருந்தால் ஏப்ரல் 7, 8 ஆம் திகதிகளில் பெரிய காட்சி ஒன்று இருக்கிறது. அன்று பகல் 12.10 அளவில் ஹட்டன், நுவரெலியா, பதுளைக்கு நேர் மேலே சூரியன் வரும். கம்பின் நிழல் காலடியில் மறையும், பைப்பின் உள்ளே அடிவரைக்கும் முழு வட்டமாக வெயில் விழும். நாலு நிமிடம் கழிந்தால் வட்டம் ஒரு பக்கம் கடிபடத் தொடங்கும். புத்தாண்டு விடுமுறை நெருங்கும் நேரம் என்பதால் பாடசாலைகள் தவறவிடுகின்றன. செப்டெம்பர் 4, 5 ஆம் திகதிகளில் 12.06 அளவில் திரும்பவும் வரும். அப்போது மேற்குச் சரிவில் மேகம் இருக்கலாம், கிழக்கே ஊவாப் பக்கத்தில் வெயிலுக்கு வாய்ப்பு அதிகம். இரண்டு பக்கத்துப் பாடசாலைகளும் தொலைபேசியில் பேசி ஒரே நாளில் செய்தால் ஒரு பக்கமாவது கிடைக்கும்.

ஐந்தாவது, சூரியனின் பிம்பத்தைத் தாளில் விழுத்திப் பார்க்க ஊசித்துளை. ஒரு மீற்றருக்கு 9 மில்லிமீற்றர் பிம்பம் என்பது கணக்கு. 2 மீற்றர் நீளமான பெட்டியில் 18 மில்லிமீற்றர் வரும். துளையை அட்டையில் போடாமல் அலுமினியத் தாளில் போட்டு அட்டையில் ஒட்டுங்கள், ஓரம் சுத்தமாக இருக்கும். ஒரு மில்லிமீற்றருக்கு மேல் துளை பெரிதானால் பிம்பம் மங்கும். எக்ஸ்ரே பிலிமாலோ, புகை பிடித்த கண்ணாடியாலோ, தண்ணீரிலோ சூரியனைப் பார்க்க எவரையும் அனுமதிக்காதீர்கள். 2019 டிசம்பர் 26 கிரகணத்தின்போது வடக்கில் வளையமாகத் தெரிந்தது நமக்குப் பகுதியாகத் தெரிந்தது. 2031 மே 21 அன்று அடுத்த வளையம் இலங்கையின் வடக்கைத் தொடுகிறது. இப்போது தரம் 5 இல் இருக்கும் பிள்ளைகள் அன்றைக்கு வழிகாட்டும் வயதில் இருப்பார்கள்.

தொலைநோக்கி நன்கொடையாகக் கிடைத்த பாடசாலைகளுக்கு ஒரு வேண்டுகோள். அலுமாரியில் பூட்டி வைப்பதுதான் அதைக் கொல்லும் வழி. மலையகத்து ஈரத்தில், உறையோடு இருட்டில் இருக்கும் வில்லையில் சில மாதங்களில் பூஞ்சணம் பிடிக்கும். டோர்ச்சைப் பின்னாலிருந்து அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளைகிளையாகத் தெரிந்தால் அதுதான். அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரித்த பிறகு எந்தத் துடைப்பும் பயன்படாது. தோல் உறையையும் துணிப் பையையும் அகற்றிவிட்டு, இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். நிறம் மாறினால் இளஞ்சூட்டில் காயவைத்துத் திரும்பப் போடலாம். இரவு பார்த்துவிட்டு வரும்போது வில்லையில் பனி படிந்திருக்கும். அதைத் துடைக்கவும் வேண்டாம், மூடியைப் போடவும் வேண்டாம். அறையில் குப்புறச் சாய்த்து வைத்துத் தானாகக் காய்ந்த பிறகு மூடுங்கள். மாதம் இரண்டு தரம் வெளியே எடுத்துப் பயன்படுத்துகிற தொலைநோக்கியில் பூஞ்சணம் அரிதாகத்தான் பிடிக்கும்.

விளக்க அட்டைகளைப் பற்றிச் சுருக்கமாக. பாடப்புத்தகப் பந்தியை அப்படியே எழுதி ஒட்டினால் யாரும் வாசிப்பதில்லை. ஐம்பது சொல்லுக்குள் முடியுங்கள். முதல் வரியில் என்ன செய்ய வேண்டும், அடுத்து எதைக் கவனிக்க வேண்டும், கடைசியில்தான் ஏன். குழித் தட்டத்துக்கு இப்படி எழுதலாம்: 'போளையை 10 சென்ரிமீற்றரில் இருந்து விடுங்கள். குழியை அளந்து பாருங்கள். இப்போது 160 இலிருந்து. எத்தனை மடங்கு பெரிதாகும் என்று முதலில் சொல்லிவிட்டு விடுங்கள்.' எழுத்து உயரம் ஒரு சென்ரிமீற்றராவது இருக்கட்டும். மேசை 70 சென்ரிமீற்றருக்கு மேல் போனால் தரம் 3 பிள்ளைக்குப் பேசினின் விளிம்பு மட்டும்தான் தெரியும்.

ஒரு மேசைக்கு ஒரே நேரத்தில் எட்டுப் பேர், ஐந்து நிமிடம். நாற்பது பிள்ளைகளுள்ள வகுப்பு ஐந்து மேசைகளை அரை மணித்தியாலத்தில் முடித்துவிடும். மேசையில் நிற்கும் மாணவ விளக்குநருக்கு மனப்பாடம் வேண்டாம், மூன்று பழக்கம் வேண்டும்: தான் செய்து காட்டாமல் வந்தவர் கையில் போளையைக் கொடுப்பது, பதிலைச் சொல்லுமுன் ஊகத்தைக் கேட்பது, தெரியாத கேள்வியைக் கொப்பியில் எழுதிவைத்து 'ஆசிரியரிடம் கேட்டுச் சொல்கிறேன்' என்பது. மூன்று சனிக்கிழமை பயிற்சி போதும். எல்லாவற்றையும் காலை எட்டரைக்கும் ஒரு மணிக்கும் இடையில் முடித்துவிடுங்கள். ஒக்டோபரில் பின்னேரம் இடியோடு மழை வரும், கடுகு அட்டைகளைப் பொறுக்கக்கூட நேரமிராது.

இனி, நம் விண்வெளி விஞ்ஞானிகளுக்கும் பல்கலைக்கழகங்களில் பௌதிகம் படிப்பிக்கிறவர்களுக்கும். காலியில் பிறந்த சிறில் பொன்னம்பெரும நாசாவில் சந்திரனிலிருந்து கொண்டுவந்த மண்ணை ஆராய்ந்தவர். 1969 இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மேர்ச்சிசன் விண்கல்லில் அமினோ அமிலங்களைக் கண்ட குழுவுக்குத் தலைமை தாங்கியவர். அவரே 1984 இல் கண்டியில் ஹந்தானை மலையடியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் பணிப்பாளராக வந்தார். விண்வெளி விஞ்ஞானத்துக்கு மலையகம் தூரத்து ஊர் அல்ல. கண்காட்சிக்குப் பிரதம அதிதியாக வந்து, மாலை போட்டுக்கொண்டு, நாடா வெட்டி, இருபது நிமிடம் பேசிவிட்டுப் போகும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். அரை நாள் ஒரு மேசையில் நில்லுங்கள். பிள்ளைகள் எங்கே குழம்புகிறார்கள் என்பது அங்கே நின்றால்தான் தெரியும். ஒப்பன்ஹைமரின் இடத்தில் காட்சிப்பொருளை வடிவமைத்தவர்கள், பார்வையாளர் அதை எப்படிப் பிழையாகக் கையாளுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே திருத்தினார்கள்.

கொழும்பில் 1965 முதல் கோள்மண்டலம் இருக்கிறது. ஹந்தானையில் பழைய தொழிற்சாலையில் தேயிலை நூதனசாலை இருக்கிறது. கம்பளைப் பக்கத்தில் பழைய லயக் காம்பராக்களில் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதே போல ஒரு காம்பராவை, கோட்டத்துக்கு ஒன்றாக, விஞ்ஞானத்துக்குக் கேட்பது பேராசை ஆகாது. மூடிக் கிடக்கும் பிள்ளைப் பராமரிப்பு நிலையங்களையும் வாசிகசாலைகளையும் தோட்ட நிருவாகங்கள் தரலாம். அதுவரைக்கும் ஒரு பெட்டி போதும். வலயக் கல்விப் பணிமனைகள் கோட்டத்துக்கு ஒரு பெட்டியைத் தயாரித்து, பாடசாலைக்கு இரண்டு வாரம் என்று சுற்றுக்கு விடலாம்.

மூடியுள்ள 60 லீற்றர் பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே: பேசின், சல்லடை, போளை பத்து (நான்கு தொலைந்துபோகும்), அடிமட்டம் இரண்டு, கோள் அட்டைகள் எட்டு, அவற்றுக்கு மாற்று ஒரு தொகுதி, வெள்ளைப் பந்து குச்சியோடு எட்டு, குமிழ், தாங்கி, ஐந்து மீற்றர் வயர், உதிரிக் குமிழ் ஒன்று, பைப் துண்டு, தூக்குக்குண்டு, நீர்மட்டம், அலுமினியத் தாள், செலோ டேப். மாவும் தேயிலைத் தூளும் பெட்டியில் வேண்டாம், எலி வரும்; அந்தந்தப் பாடசாலை வாங்கிக்கொள்ளட்டும். மூடியின் உட்பக்கத்தில் பொருட்பட்டியல். கூடவே ஒரு கொப்பி, அதில் மூன்றே பத்தி: எது உடைந்தது, என்ன செய்துகொண்டிருக்கும்போது உடைந்தது, எப்படிச் சரி செய்தீர்கள். அடுத்த பாடசாலை பெட்டியைத் திறந்ததும் முதலில் அந்தக் கொப்பியை வாசிக்க வேண்டும்.

இங்கே தந்திருக்கும் அளவுகளை எவரும் எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம், எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
விஞ்ஞான ஆசிரியர்கள் சிலர்,
ஹட்டன்.